விழித்திரைத் தேய்வும் விலங்காய்வும்

பரம்பரை விழித்திரைத் தேய்வுக்கு மருந்தே இல்லை என்று கூறி நோயாளியை அனுப்பிவிடும் காலம் மெல்ல மாறி வருகிறது. இம்மாற்றத்திற்கு அடிகோலியவை விலங்காய்வுகளே. ஆயினும் அவை புகட்டிய பாடத்தில் பாதியையே நாம் கைக்கொண்டிருக்கிறோம்.

விழித்திரையின் ஒளியுணர் செல்கள் சிறிது சிறிதாக அழிவதே இந்நோய். பெரும்பாலும் முதலில் இருளில் பார்வை மங்கும். பின்னர்ப் பார்வைப் பரப்புச் சுருங்கும். 1924-இல் அமெரிக்க அறிஞர் கிளைட் கீலர், விழித்திரையில் கோல் செல்கள் அற்ற சுண்டெலிகளைப் பற்றி எழுதினார். பிற்காலத்தில், பிரியார்டு இன நாய்களில் ஆர்.பி.இ.65 என்னும் மரபணுவின் பழுதால் பார்வை குன்றுவது தெரியவந்தது. தீங்கற்ற வைரஸில் நல்ல மரபணுவை ஏற்றி விழித்திரையின் அடியில் செலுத்தியபோது அந்நாய்கள் பார்வை பெற்றன. இம்முடிவு 2001-இல் வெளியாயிற்று. லீபர் பிறவிப் பார்வையிழப்பின் ஒரு வகைக்கும் இதே மரபணுப் பழுதே காரணம். மனிதரிடம் சோதித்தபின் 2017-இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு இசைவளித்தது. இரு கண்களுக்கும் அங்குக் குறிக்கப்பட்ட விலை 8,50,000 டாலர்.

நம் நாட்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் மரபணுவை ஏற்றிச் செல்லும் வைரஸைத் திருத்தியமைத்து விலங்குகளில் சோதித்தனர். அந்நுட்பத்தை மருந்தாக்கும் உரிமம் 2022-இல் இந்திய நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது.

சுண்டெலியின் கண்ணில் மனிதக் கண்ணிலுள்ள மஞ்சள் புள்ளி இல்லை. ஆகவே அதில் கண்ட வெற்றி மனிதருக்கு அப்படியே பொருந்தாது என்பர் சிலர். இது நியாயமான எச்சரிக்கையே. ஆனால் நாய்கள் மற்றொன்றையும் உணர்த்தின. தேய்வு தொடங்கியபின் சிகிச்சை பெற்றவற்றில், பார்வை மேம்பட்டபோதிலும் செல்கள் அழிவது நிற்கவில்லை என 2013-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. உயிருள்ள செல்களுக்கே மருந்து உதவும். அழிந்தவற்றை அது மீட்காது.

ஆகவே மருந்தை ஆக்குவதோடு, நோயுற்ற குழந்தையைக் காலத்தே கண்டறிவதும் வேண்டும். இப்பணி ஆய்வுக்கூடத்தில் நடைபெறாது. தமிழும் கன்னடமும் உருதும் வழங்கும் பெங்களூரு நீலசந்திரா போன்ற நெருக்கமான பகுதிகளிலும், சிற்றூர்களிலும் பணிபுரியும் களப்பணியாளரும் ஆசிரியருமே அதைச் செய்யவல்லவர். மாலைக்கண் என்றவுடன் வைட்டமின் ஏ குறைவு என முடிவு கட்டுதல் வழக்கம். வைட்டமின் கொடுத்தும் குறை நீங்காவிடில், அல்லது உடன்பிறந்தோர்க்கும் அக்குறை இருந்தால், கண் மருத்துவரிடம் அனுப்புதல் கடமையாகும். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள தென்னாட்டில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும் வாய்ப்பு மிகுதி. எனவே குடும்ப வரலாற்றைப் பழிச்சொல் கலவாமல் கேட்டறிய வேண்டும்.

மரபணுச் சோதனையை ஏழைக்கும் எட்டச் செய்து, நோயுள்ள குடும்பங்களுக்குப் பதிவேடு அமைப்பது அரசின் பொறுப்பு. இவையின்றி உள்நாட்டு மருந்து வந்தாலும், அது சேரவேண்டிய கண்ணை அடையும்போது காலம் கடந்திருக்கும்.