மணிப்பூர் மட்டக்குதிரையும் மேய்ச்சல் தரையும்

ஈச்சிலம்பற்றுக் கமக்காரருக்குக் குதிரை பழக்கமான பிராணியன்று. வெருகல் ஆற்றை அடுத்த வயல்களில் ஏர் இழுத்தவையும் சூடு மிதித்தவையும் எருதும் எருமையுமே. இலங்கையில் குதிரை என்றதும் பலர் நினைப்பது நெடுந்தீவையே. ஐரோப்பியர் காலத்தில் அங்கு வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அத்தீவிற் கட்டாக்காலியாகத் திரிகின்றன. எனினும் நெற்செய்கையாளர் அறியவேண்டியது மற்றொரு குதிரையின் வரலாறாகும். இந்தியாவின் வடகிழக்கே, பர்மா எல்லையை அடுத்த மலைநாடாகிய மணிப்பூரின் மட்டக்குதிரை, நெல்வயல்களுக்கு நடுவே வாழ்ந்து, இப்போது மேய இடமின்றி அருகிவரும் இனமாகும்.

அந்நாட்டு மெய்தெய் மக்கள் தம் மொழியில் இதனைச் 'சகோல்' என்பர். இதன் தோளுயரம் பெரும்பாலும் 44 முதல் 52 அங்குலம் வரையே. உருவிற் சிறிதாயினும் உறுதியான கால்களும் கடினமான குளம்பும் உடையது. கிடைத்த புல்லைத் தின்று நெடுந்தூரம் ஓடும். ஓடும் வேகத்திலேயே சட்டெனத் திரும்பும். மழையும் வெக்கையும் மாறிமாறி வரும் அந்நாட்டுத் தட்பவெப்பம் இதற்கு நன்கு பழகியது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மணிப்பூர் மன்னன் பம்ஹெய்பா பர்மாவின்மீது படையெடுத்தபோது அவனது வலிமை இக்குதிரைப் படையிலேயே தங்கியிருந்தது.

போலோ என உலகம் அறிந்த விளையாட்டும் இதன் முதுகிலேறியே வெளியுலகுக்கு வந்தது. மணிப்பூரில் அதற்குச் 'சகோல் காங்ஜெய்' என்று பெயர். பக்கத்துக்கு எழுவர் ஆடுவர். அதனைக் கண்டு கற்ற ஆங்கிலேயர் 1859இல் சில்சாரிலும் 1862இல் கல்கத்தாவிலும் கழகங்கள் அமைத்தனர். பின்னர் விளையாட்டு நாடெங்கும் பரவிற்று, குதிரை பரவவில்லை. பிறநாட்டார் உயரமான, வேகமான குதிரைகளை நாடினர். பிறந்த மண்ணே அதற்குரிய ஒரே இடமாயிற்று.

அம்மண்ணிலும் அதன் நிலை நன்றாக இல்லை. 2003ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 1,898 ஆக இருந்த தொகை, 2012இல் 1,101 ஆயிற்று, 2019இல் 1,089. ஒன்பதே ஆண்டுகளில் ஏறக்குறைய எண்ணூறு குதிரைகள் குறைந்துபோயின. முன்னாளில் அங்கு குதிரைக்குத் தீனி விலைக்கு வாங்கும் வழக்கம் இல்லை. வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவர். அது சதுப்பு நிலத்திலும் அறுவடை முடிந்த வயலிலும் மேய்ந்து வரும். இம்பால் நகரை ஒட்டிய லம்பெல்பாட் போன்ற சதுப்பு நிலங்களிற் கட்டடங்கள் எழும்பியதும் அந்த மேய்ச்சல் சுருங்கிற்று. குதிரைகள் தெருவுக்கு வந்து குப்பையையும் பிளாஸ்டிக்கையும் தின்னலாயின. வாகனம் மோதி மடிந்தனவும் உண்டு. 2016இல் மாநில அரசு இவ்வினத்தைக் காக்கும் கொள்கையொன்றை வகுத்தது. 2023இல் குதிரைமீதமர்ந்த போலோ வீரனுக்கு ஏறக்குறைய 120 அடி உயரச் சிலையும் திறக்கப்பட்டது. சிலைக்குக் கிடைத்த இடம் உயிருள்ள குதிரைக்குக் கிடைத்திருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

ஈச்சிலம்பற்றின் நாட்டு மாடும் எருமையும் இன்று அவ்வளவு அரியவையல்ல. ஆயினும் அவை வாழும் முறை அதுவே: கட்டித் தீனி போடப்படுவன அல்ல, அவிழ்த்துவிடப்பட்டு மேய்வன. உழவு இயந்திரம் வந்தபின் மாடு எதற்கு என்று கேட்போர் உளர். மணற்பாங்கான நிலத்திற் கத்தரியும் மிளகாயும் வெண்டியும் செய்வோர் அவ்வாறு கேட்பதில்லை. சாணியெரு இடாத பாத்தியில் ஈரம் நிற்பதில்லை என்பதை அவர்கள் அறிவர். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நெல் வயற்காரரும் சாணியைத் தேடி அலைய நேர்ந்தது.

பெரும்போகப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலே கால்நடைகளை வயற்பகுதியிலிருந்து அகற்றவேண்டிய திகதி தீர்மானிக்கப்படுவது வழக்கம். திகதி குறிப்பது நியாயமே. பயிரைக் காப்பது அவசியம். ஆனால் அவை எங்கே போகவேண்டும் என்பதையும் அக்கூட்டமே தீர்மானித்தல் வேண்டும். போக இடமற்ற பட்டி, விதைத்த வயலுக்கே திரும்பி வரும்; பின் வழக்கும் பகையுமே மிஞ்சும். ஆதலால் மேய்ச்சலுக்கு விடப்படும் தரையின் பெயர், அதன் நான்கெல்லை, அங்குள்ள நீர்நிலை, பட்டி செல்லும் பாதை ஆகிய நான்கும் திகதியோடு சேர்த்துக் கூட்டக் குறிப்பில் எழுதப்படல் வேண்டும். அத்தரையில் ஒரு வேலி புதிதாக எழும்பினாலும் அடுத்த கூட்டத்தில் அது கேட்கப்படல் வேண்டும். வயற்காரரும் பட்டிக்காரரும் புரட்டாதி மழைக்கு முன் ஒருமுறை ஒன்றாக நடந்து எல்லைகளைப் பார்த்து வந்தால், அந்நான்கையும் எழுதுவதற்கு ஒரு பகற்பொழுதே போதும்.