மூலையில் அடுக்கிய பெட்டிகள்



போன மாதம் எங்கள் வேலைத்தலத்தில் ஓர் அடுக்குச் சரிந்தது. இரவு வேலை முடிய அரை மணித்தியாலம் இருக்க, புதிதாக வந்த பெடியன் ஒருவன் அவசரத்தில் அடியில் ஒரு பெட்டிக்கு இடம் விட்டு மேலே ஏற்றிவிட்டான். நல்ல காலம், அவன் கால் தப்பியது.

அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்த அக்காவின் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறான். “மாமா, நானும் இதைத்தான் படிக்கிறன்” என்றான். பகிடி என்று நினைத்தேன். இல்லை.

அட்சரகணிதத்தில் எக்ஸ், வை, எக்ஸ் தர வை என்று தனி உறுப்புகள் வருமல்லவா? ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியாக எண்ணுங்கள். மூலையில் இருப்பது 1. எக்ஸ் வர்க்கம் என்றால் மூலையிலிருந்து இரண்டு பெட்டி தள்ளி. வை வர்க்கம் என்றால் இரண்டு பெட்டி உயரே. விதி ஒன்றுதான்: ஒரு பெட்டி இருந்தால் அதன் காரணிகள் எல்லாம் இருக்கவேண்டும். அதாவது, கீழேயும் மூலைப்பக்கமும் ஓட்டை கூடாது. இப்படியான அடுக்குக்கு ‘ஓடர் ஐடியல்’ என்று பெயராம்.

இதைக் கணக்கிடக் கணினி நிரல்கள் உண்டு. ஒன்று மேப்பிள், 1980இல் அதே வாட்டர்லூவில் தொடங்கியது. எக்ஸ் கனம், எக்ஸ் தர வை, வை வர்க்கம் ஆகியவையும் இவற்றின் மடங்குகளும் வேண்டாம் என்றால் மிஞ்சுவது 1, எக்ஸ், எக்ஸ் வர்க்கம், வை என்ற நாலு பெட்டிகள். இதை நாங்களே செய்யலாம். எழுத்துகள் பத்தானால் கணினிதான் வேண்டும்.

இதனால் என்ன பயன் என்று கேட்டேன். பல சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்க்கும்போது எந்தப் பெட்டிகள் விலக்கு என்று கண்டுபிடிக்கும் வழியை 1965இல் ஒஸ்ரியாவின் புருனோ புக்பெர்கர் காட்டினார். மிஞ்சும் பெட்டிகளுக்கு முடிவிருந்தால், அவை எத்தனையோ விடைகளும் அத்தனை. சிக்கலெண் விடைகளையும், திரும்ப வரும் விடைகளையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

நாலு பெட்டியை இப்படி எத்தனை விதமாக அடுக்கலாம்? மேசையில் சீனிக்கட்டிகளை வைத்துப் பார்த்தோம். நான் நாலு விதம் கண்டேன். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஐந்தாவதைக் கண்டாள்! பத்துப் பெட்டிக்கு 42 விதம். நூறுக்கு 190,569,292. இந்த எண்ணிக்கைக்குத்தான் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1918இல் ஹார்டியுடன் சேர்ந்து சூத்திரம் கண்டார். அவரும் ஊரில் கல்லூரிப் பரீட்சையில் தவறியவர்தான்.

நான் 2008இல் வன்னியில் ஓ.எல். எடுக்காமலே பள்ளிக்கூடம் விட்டவன். மகள் வீட்டுக்கணக்கைக் கொண்டுவந்தால் “அம்மாட்டைக் கேள்” என்று நழுவி வந்தேன். எனக்கும் அடியில் ஒரு பெட்டி இல்லை. அதை வைக்காமல் மேலே ஏற்ற முடியாது. ஆனால் பிந்தியென்றாலும் வைக்கலாம். ரொறன்ரோவில் வளர்ந்தோருக்கான உயர்தரப் பாடசாலைகள் இருக்கின்றன. விண்ணப்பப் படிவம் இப்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. மகள்தான் ஒட்டினாள்.

ஐந்து சீனிக்கட்டிகளை எத்தனை விதமாக அடுக்கலாம்? பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். விடை அடுத்த இதழில்.