நீர் சென்ற வழியே ஒரு சவாரி

"நல்ல தார்ப் பாதை இருக்கும்போது கிரவல் பாதையைத் தேடிப்போய்ச் சைக்கிள் ஓட்டுவானேன்?" என்று மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். மேல்நாடுகளிலே 'கிரவல் பைக்' என்னும் ஒருவகைத் துவிச்சக்கர வண்டி பெருவழக்காகி வருவதைப் படங்களிற் கண்டு அவர் கேட்ட கேள்வி இது. மாரியிற் சேறும் கோடையிற் புழுதியுமாகக் கிரவல் பாதையிலே பள்ளிக்கூடம் போய் வந்தவர்களுக்கு, அதனையே ஓர் இன்பமாகக் கருதுவோர் உளர் என்பது வியப்பாகத்தான் இருக்கும். இத்தாலி நாட்டின் தென்கோடியிலுள்ள ஒரு பாதையைக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டொரு வார்த்தை. பந்தய வண்டியைப் போல வளைந்த கைபிடி இதற்கும் உண்டு. ஆனால் பந்தய வண்டியின் ரயர் 25 அல்லது 28 மில்லிமீற்றர் அகலமுடையதாக இருக்க, இதன் ரயர் 35 முதல் 50 மில்லிமீற்றர் வரை அகன்றிருக்கும். காற்றையும் சற்றுக் குறைவாகவே அடைப்பர். ஆகவே கல்லின்மேல் ஏறும்போது ரயர் நெகிழ்ந்து கொடுத்து அதிர்ச்சியைத் தானே ஏற்றுக்கொள்ளும், வண்டி துள்ளாது. மேடேறுவதற்கு இலேசான கியர்களும், இறங்கும்போது பிடித்து நிறுத்த உறுதியான பிரேக்குகளும் அமைந்துள்ளன. இவ்வளவும் எதற்காக? மோட்டார் வாகனங்களின் இரைச்சல் எட்டாத பாதைகளிலே போவதற்காகவே.

இனிப் பாதைக்கு வருவோம். தேசப்படத்தில் இத்தாலி ஒரு சப்பாத்தின் வடிவிலே காணப்படும். அதன் குதிப் பாகத்தில் உள்ளது பூலியா என்னும் பிரதேசம். மத்தியதரைக் கடலின் கிளைகளான அதிரியாத்திக் கடல் ஒருபுறமும் அயோனியன் கடல் மறுபுறமும் அதனைச் சூழ்ந்திருக்கின்றன. அந்நிலத்தின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கற் பாறை. பெய்யும் மழையைப் பாறை உறிஞ்சிக் கீழே விட்டுவிடுவதால் மேலே ஓடும் ஆறுகள் மிகச் சில. ஆறில்லாச் சுண்ணாம்புக்கல் நிலம் எத்தகையது என்பதை யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கு எளிதில் எட்டும் கிணறுகளும் பல இடங்களில் இல்லை. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளிற் சேர்த்து, அதனையே ஆண்டு முழுவதும் அளந்து குடித்து வாழ்ந்தனர் மக்கள். தேங்கிய நீரோடு நோயும் வந்தது. 1910ஆம் ஆண்டிற் பரவிய வாந்திபேதி அங்கே பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

மலைத் தொடருக்கு அப்பால், மேற்குப் பக்கமாகப் பாயும் சேலே என்னும் ஆற்றின் ஊற்றுநீரைக் கிழக்கே திருப்பிக் கொண்டுவரலாம் என்று 1868இல் எடுத்துரைத்தார் கமில்லோ ரொசால்பா என்னும் பொறியியலாளர். பலர் அதனைக் கனவு என்றே எண்ணினர். 1902இற் சட்டம் நிறைவேறியது; 1906இல் வேலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் அப்பெனைன் மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தனர். பள்ளத்தாக்குகளின் குறுக்கே பாலம் கட்டி அவற்றின்மேல் நீரை நடத்தினர். 1915ஆம் ஆண்டு ஏப்பிரில் 24ஆம் நாள் பாரி நகரிலே அந்நீர் முதன்முதலாகப் பொங்கி எழுந்தது. சரியாக ஒரு மாதத்தின் பின் இத்தாலி முதலாம் உலகப் போரிற் குதித்தது. அதனாலும் பிறவற்றாலும் வேலை நீண்டு, குதியின் நுனியாகிய சாந்த மரியா டி லேயுக்காவை நீர் அடைந்தது 1939இலேதான். கேட்டது பாட்டன், குடித்தவன் பேரன் எனலாம்.

இக்கால்வாயில் நீர் தன் பாரத்தினாலேயே ஓடுகின்றது. ஆகையால் அதன் சரிவு மிக மென்மையானது. கால்வாயைப் பார்வையிடுவோர் சென்றுவருவதற்காக அதன் மேலும் பக்கத்திலுமாக ஒரு சிறு கற்பாதை அமைத்தார்கள். அப்பாதைதான் இன்று துவிச்சக்கர வண்டிக்காரருக்குக் கிடைத்த பேறு. சிஸ்டெர்னினோ, செல்யே மெஸ்ஸாப்பிக்கா என்னும் ஊர்களின் பக்கத்தே அதன் ஒரு பகுதியைச் செப்பனிட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கின்றனர். சேலே ஊற்றுக்கள் உள்ள கப்போசேலேயிலிருந்து லேயுக்கா வரை ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தூரத்துக்கு இதனை இணைப்பது திட்டம். நீருக்காக அளந்த சரிவு ஆகலின் சிறுவரும் முதியவரும் மூச்சிரைக்காமற் செல்லலாம். அடிக்கு அடி மோட்டாருக்கு ஒதுங்க வேண்டியதுமில்லை.

இருமருங்கும் கன்மதில்கள் தொடர்ந்து வரும். சாந்தின்றி, கல்லின்மேற் கல்லை இசைத்து அடுக்கியவை அவை. வயலிலே மண்ணைக் காண்பதற்காகப் பொறுக்கி எறிந்த கல்லே வேலியாயிற்று. பல நாடுகளில் வழங்கும் இக்கைவினையை 2018இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. மதில்களுக்கு அப்பால், கூம்பு வடிவக் கற்கூரையுடைய 'துருல்லி' வீடுகள் தோன்றும். அவற்றுக்கும் சாந்து கிடையாது. பகலுணவின் பின் கடைகளெல்லாம் சாத்திக் கிடக்குமாதலின், வழிப்போக்கர் உணவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 'ஃபிரிசெல்லா' என்பது அவ்வூர்க் கட்டுச்சோறு: இருமுறை சுட்டு உலர்த்திய ரொட்டி. அதனை நீரில் நனைத்து, தக்காளியும் ஒலிவ எண்ணெயும் சேர்த்து உண்பர். ஊர்ச் சதுக்கங்களில் நிற்கும் வார்ப்பிரும்புக் குழாய்களிலே குடிநீர் கிடைக்கும். கோடை வெயில் கடுமையானது. இளவேனிலும் இலையுதிர் காலமுமே சவாரிக்கு உகந்தவை.

இந்த அழகின் நடுவே ஒரு துயரம் உண்டு. மதில்களுக்குள் நிற்பவை ஒலிவ மரங்கள். ஆயிரம் ஆண்டைக் கடந்தவை எனக் கருதப்படுவனவும் அவற்றுள் உள. மூதாதையரைப் போல அவற்றை மதித்து, 2007இல் அப்பிரதேச அரசு பாதுகாப்புச் சட்டமும் இயற்றிற்று. ஆனால் 2013இல், கல்லிப்போலி நகரின் அருகே மரங்கள் நுனியிலிருந்து கருகுவதன் காரணம் தெரியவந்தது. சைலெல்லா என்னும் பற்றீரியா, நுரைப்பூச்சி எனத்தக்க ஒரு சிறு பூச்சியின் வாயிலாக மரத்துக்கு மரம் தாவுகின்றது. மரத்தினுள் நீரேறும் நுண்குழாய்களை அடைத்துவிடுகின்றது. வேரடியில் நீர் இருந்தும் மரம் தாகத்தால் மடிகின்றது. லெச்சே மாவட்டத்தைப் பெரும்பாலும் பாழாக்கியபின், வடக்கே பிரிந்திசி மாவட்டத்தினுள்ளும் நோய் புகுந்தது. நாம் மேலே கூறிய இரண்டு ஊர்களும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே. மில்லியன் கணக்கான மரங்கள் பாதிக்கப்பட்டுவிட்டன.

நோயுற்ற மரத்தை வெட்ட வேண்டும் என்றது அரசு. பாட்டன் நட்டதை வெட்டோம் என்று சிலர் மறித்தனர், வழக்குகளும் நடந்தன. அவர்களுடைய மனநோவை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. எனினும் ஒரு மரத்தின்மீது கொண்ட பாசத்தால் ஊர் மரங்களெல்லாம் அழியலாகாது என்பதும் உண்மை. இன்று நோயைத் தாங்கும் லெச்சினோ, ஃபவோலோசா என்னும் இனங்களை நடுகின்றனர். பழைய அடிமரத்தில் அவற்றை ஒட்டியும் பார்க்கின்றனர். வசந்த காலத்திலே களையை அழித்துப் பூச்சியின் குஞ்சுகளை ஒழிக்கின்றனர். இவையெல்லாம் நிலத்திலேயே தங்கி உழைப்பவன் செய்யவேண்டிய வேலைகள்.

இங்கேதான் மாணவரின் கேள்விக்கு விடை இருக்கின்றது. கிரவல் பாதை என்பது சவாரிக்காரருக்காக யாரும் அமைத்துக் கொடுத்ததன்று. நீர் வேண்டி ஒரு தலைமுறை அதனை அமைத்தது; ஒலிவக் காய்களை வண்டியேற்ற வேறொரு தலைமுறை அதனைப் பேணியது. தோட்டக்காரன் நிலத்தைக் கைவிட்டு நகரத்துக்குப் போய்விட்டால், சரிந்த மதிலை எடுத்துக் கட்ட ஆளிராது. இரண்டு மாரிக்குள் முட்செடி பாதையை மூடிவிடும். தார்ப் பாதையில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் பறப்பவன் கண்ணுக்கு, பட்ட மரமும் பசுமரமும் ஒரே கோடாகத் தெரியும். கல்லிலே மெல்லச் செல்பவனோ கருகிய இலையைக் காண்கின்றான்; அதன் கீழே மண்வெட்டியோடு நிற்கும் மனிதனையும் காண்கின்றான். அந்தக் காட்சிக்காகவே கற்பாதையைத் தேடிப் போகலாம்.

கண்டபின் செய்யவேண்டியதும் உண்டு. இத்தாலியின் தொஸ்கானாப் பிரதேசத்திலே, வெண்கற் பாதைகளைத் தார் விழுங்கிவிடாமற் காப்பதற்காக 1997இல் 'லெரோயிக்கா' என்னும் சவாரி விழாவைத் தொடங்கினர். பழைய வண்டிகளில் ஏறி அக்கற்பாதைகளிற் செல்வதே அதன் மரபு. ஆகவே சவாரிக்காரர் பாதையை நுகர்வதோடு நில்லாமல் அதனைக் காக்கவும் கூடும் என்பது தெளிவு. குடும்பத்தோடு போகிறவர்கள் இன்னும் எளிய சில கடமைகளை மேற்கொள்ளலாம்: திறந்த படலையை மீண்டும் சாத்துதல், மதிலின்மேல் ஏறிக் கல்லைச் சரிக்காதிருத்தல், மந்தை எதிர்ப்பட்டால் இறங்கி நின்று வழிவிடுதல், எண்ணெயும் ரொட்டியும் அவ்வூரிலேயே வாங்குதல். ஒரு போத்தல் எண்ணெயின் விலை அங்கே ஒரு மரத்தின் ஆயுளோடு சம்பந்தப்பட்டது.

அம்மாணவருக்கு ஒரு வார்த்தை. இத்தாலிக்குப் போகும் வாய்ப்பு என்று வாய்க்குமோ, அது கிடக்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உம் ஊர்க் கிரவல் பாதை ஒன்றிலே வண்டியை மெல்ல விடும். அதனை வெட்டியவர் யார், எதற்காக வெட்டினர், இப்பொழுது அதனைக் காப்பவர் யார் என்று அவ்வூர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டு அறிந்து வாரும். அந்த விடையை எமக்கும் எழுதுவீராயின் மகிழ்வோம்.