பவர் டில்லரில் பெல்ட் நழுவுகிறதா? புல்லியையும் பார்க்க வேண்டும்

கேள்வி: பவர் டில்லருக்குப் புது பெல்ட் போட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. சேற்றுழவில் இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் நின்றுவிடுகிறது. ரப்பர் கருகும் நாற்றமும் வருகிறது. என்ன காரணம்?
– வாசகர், கோட்டக்குப்பம்

பதில்: ரப்பர் கருகினால் நழுவுவது பெரும்பாலும் பெல்ட்தான். கிளட்ச் புல்லி சீராகச் சுற்றியும் சக்கரம் நகராவிட்டால் கிளட்சைச் சோதிக்க வேண்டும்.

கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரை உப்புக்காற்றுப் பகுதி. சில மாதம் சும்மா நிற்கும் டில்லரின் புல்லிப் பள்ளத்தில் துரு ஏறும். அது அரம்போலப் புது பெல்ட்டைத் தேய்த்துவிடும். 'வி' பெல்ட் பிடிப்பது பள்ளத்தின் பக்கச் சுவர்களில்தான். பள்ளத்தின் அடி பளபளத்தால், தேய்மானத்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். புல்லி தேய்ந்திருந்தால் எத்தனை பெல்ட் மாற்றினாலும் வீண்செலவே.

செய்ய வேண்டியவை:

1. இன்ஜினை நிறுத்தி, ஆறிய பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். ஓடும் பெல்ட்டில் கை வைத்தால் விரல் போய்விடும்.

2. பள்ளத்துத் துருவை நைஸான உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கவும்.

3. ஆயில் கசிவைச் சரிசெய்யவும். பெல்ட்டில் டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் படக்கூடாது.

4. இரு புல்லிகளும் நேராக உள்ளனவா என்று நூல் பிடித்துப் பார்க்கவும்.

5. இன்ஜின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இன்ஜினை நகர்த்தி, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கேற்றவும். அதிகம் இறுக்கினால் பேரிங் கெடும்.

6. பெல்ட்டுகளை ஒரே செட்டாக மாற்றவும். பழையதும் புதியதும் சேர்ந்தால் பாரம் சமமாக ஏறாது.

உழவு முடிந்ததும் டில்லரை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, பெல்ட்டைத் தளர்த்தி, காற்றுப் படாமல் மூடி வைத்தால் அடுத்த பட்டத்தில் இந்தத் தொல்லை வராது.