கன்னிவேட்டை

சமீபத்தில் என் மேஜைக்கு வந்த கவிதைத் தொகுதிகளில் வேட்டை என்ற சொல் இல்லாதது அபூர்வம். சொல்லை வேட்டையாடுகிறார்கள், மௌனத்தை வேட்டையாடுகிறார்கள், அதுவும் அலுத்துப்போனால் தன்னையே வேட்டையாடிக் கொள்கிறார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. மனித வாடை பட்ட மிருகம் எப்போதோ ஓடியிருக்கும். கவிதையில் மிஞ்சுவது வெறும் வெடிச்சத்தம்.

வேட்டைக்குப் புதியவன் எங்கே ஆரம்பிக்கிறான்? சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலேயே விவரமாகச் சொல்லிவிட்டார். பெரியபுராணத்தில் திண்ணன் முதன்முதலாகக் காட்டுக்குப் போவதற்குக் கன்னிவேட்டை என்று பெயர். அதற்கு முன்பே அவன் முறையாக வில் பழகியவன். நாய்கள் போகின்றன, வலை கட்டுகிறார்கள், தடம் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு கட்டுப்பாடு: யானைக் கன்றைத் தொடரமாட்டார்கள், குட்டிகளைக் கொல்லமாட்டார்கள், சினையான பிணையை அலைக்கழிக்கமாட்டார்கள். எதன்மேல் அம்பு விடக்கூடாது என்பதும் வில்வித்தையில் சேர்ந்ததுதான். வலையை அறுத்து ஓடிய பன்றிக்குப் பின்னால் திண்ணன் வெகுதூரம் ஓடவேண்டியிருக்கிறது. நம் தமிழ் வாத்தியார்களுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. கண்ணைப் பிடுங்கும் கட்டத்துக்குத் தாவிவிடுவார்கள். நவீனர்களோ, பக்தி நூல் என்று தொடுவதே இல்லை. நஷ்டம் இரண்டு தரப்புக்கும்.

படிமத்துக்கு அனுபவம் எதற்கு என்று கேட்பார்கள். நானும் வேட்டையாடியவன் இல்லை. பாங்கில் பிறத்தியார் பணத்தை எண்ணுகிறவன். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு பொழுதுபோக்கு வேட்டைக்கான லைசென்ஸும் போயிற்று. போனது நல்லதுதான். நான் கேட்பது வேறு. தனக்குத் தெரியாது என்பதாவது எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்குப் புதிதாக வரும் பையனை எடுத்த எடுப்பில் சூளைப் பக்கம் விடமாட்டார்கள். முதலில் மண்ணைச் சலிக்கட்டும், பிசையட்டும் என்பார்கள். நம் கவிஞன் மட்டும் முதல் நாளே சூளைக்குத் தீ வைக்கிறான்.

தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. துப்பாக்கி பிடித்த கென்னத் ஆண்டர்சனே தருமபுரிக் காடுகளைப் பற்றி எழுதியபோது பைரா என்ற பூசாரியின் பெயரையும் அவரது காட்டறிவையும் பதிவு செய்துவைத்தார். நம் கவிஞர்களுக்கு அந்தக் குறைந்தபட்ச நாணயம்கூட இல்லை. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவரிடம் ஊசி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து "நான் வேட்டைக்காரன்" என்று கவிதை எழுதுகிறார்கள். குறவருக்குக் குலத்தொழில் குற்றமாகிவிட்டது. நமக்கு அது அலங்காரமாகிவிட்டது.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து. கொலையை விட்ட பிறகும் வேட்டையின் அறிவு பிழைத்திருக்கிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃப்ளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்தார்கள்; 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். வளையின் வாயில் மண் வழவழத்திருப்பதையும், புல்லில் கிடக்கும் உரித்த சட்டையையும் படிக்கத் தெரிந்தவர்கள். வாசிப்பு என்றால் அது. என் மேஜைமேல் கிடக்கும் தொகுதிகள் ஒன்றில்கூட அவர்கள் இல்லை.

ஆகவே, புதிதாக எழுத வரும் நண்பருக்கு ஒரு யோசனை. இரண்டு வருஷம் வேட்டை என்ற சொல்லைத் தொடாதீர்கள். தடம் பாருங்கள். குட்டி எது, சினை எது என்று கண்டுகொள்ளுங்கள். அதன் பிறகும் எழுதத் தோன்றினால் எழுதலாம். பெரும்பாலும் தோன்றாது, தமிழுக்கு அதுவும் லாபம்தான்.