கொழும்பு டூரில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?



லீவு நெருங்கினால் சவளக்கடை, மத்திய முகாம், கல்முனைப் பக்கமெல்லாம் கொழும்பு டூர் பேச்சுத்தான். பட்டியலும் வருடா வருடம் ஒன்றுதான். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, தாமரைக் கோபுரம், பெரிய மோல் ஒன்று, கடைசியில் காலிமுகத்திடல். நூதனசாலை 'நேரமிருந்தால்'. அந்த நேரம் ஒருநாளும் இருப்பதில்லை. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதுதான் ஆசிரியர்களாக எங்கட கருத்து.

நம் பிள்ளைகளில் பலருக்குக் கொழும்பு என்றால் மஹரகம ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட், வெளிநாட்டு ஏஜென்சி. நோயும் தேவையும் இல்லாமல் அந்த நகரத்துக்குப் போவது ஸ்கூல் டூரில் மட்டும்தான். அதில் பாதி நாளை லிஃப்ட் வரிசையிலும் மோலிலும் கழிப்பது நியாயமா? தாமரைக் கோபுரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022இல் திறந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு அதன்மேல் ஆசை, பஸ்ஸுக்குள் இருந்தே நன்றாகத் தெரியும்!

காலையில் முதலில் நூதனசாலைக்குப் போங்கள். 1877இல் திறந்த அந்த வெள்ளை மாளிகையைக் கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார், நம்மவர். என்ன பரிசு வேண்டும் என்று கவர்னர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவையுங்கள் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். நீண்ட காலம் வெள்ளிக்கிழமைகளில் அது மூடியே இருந்தது.

உள்ளே ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீனக் கப்பற்படைத் தளபதி ஷெங் ஹே கொண்டுவந்தது, 1409 என்று தேதியிட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெண்டிரையில் கோயில் கொண்ட தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஷெங் ஹேயும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1911இல் காலியில் இந்தக் கல்லைக் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்ததாம். தமிழும் அரபு எழுத்தும் ஒரே கல்லில் நிற்பதை நம் பிள்ளை நேரில் பார்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதற்கு அது சமம்.

அடுத்தது புறக்கோட்டை, இரண்டாம் குறுக்குத் தெரு, சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908, 1909 காலத்தில் கட்டிய சிவப்பும் வெள்ளையுமான பள்ளி. வரைந்தவர் கட்டடக்கலை படித்துப் பட்டம் வாங்கியவரல்ல, சாய்பு லெப்பை என்பவர். லுஹரை அங்கே தொழலாம். பெண்பிள்ளைகள் தொழ எங்கே வசதி என்பதைப் புறப்படும் முன்பே போன் பண்ணிக் கேட்டு வையுங்கள். பஸ் மருதானையைத் தாண்டும்போது ஸாஹிராக் கல்லூரியைக் காட்டுங்கள். போர்க்காலத்தில் உணவு உற்பத்திக்காக 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ்தான் 1948 முதல் 1961 வரை அங்கே அதிபராக இருந்தார். வயல்காரன் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாடு. இரவுக்கு வீட்டுப் பார்சல் போதும். ஆனால் மோலுக்குள் போய்ப் பொரித்த கோழி தின்பதற்கு ஏன் இவ்வளவு தூரம் ஓட வேண்டும், அது கல்முனையிலும் கிடைக்கிறதே? கொம்பனித்தெருப் பக்கம் மலாய்க்காரர் சமைக்கும் பிட்டும் பாபத்தும் (மாட்டுக் குடல் கறி) தேடிச் சாப்பிடுங்கள். அவர்களும் முஸ்லிம்கள்தான், வீட்டு மொழி வேறு. முஸ்லிம் என்றால் எல்லாரும் நம்மைப் போலத் தமிழ் பேசுவார்கள் என்று நினைக்கும் பிள்ளைக்கு அந்தத் தட்டே ஒரு பாடம். வெள்ளவத்தையில் ஒரு சைவக்கடைத் தோசை, புறக்கோட்டையில் ஒரு பலூடா. போதும், வயிறும் காசும் தாங்க வேண்டுமே.

மாலையில் காலிமுகத்திடல். பருப்பு வடைக்கு மேல் இறால் ஒட்டிய இஸ்ஸோ வடையைச் சூடாகப் பொரிப்பதைப் பார்த்து வாங்குங்கள். எங்கட கடலில் சூரியன் உதிக்கும், அங்கே கடலுக்குள் போய் மறையும். அதைப் பார்க்காத பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறையப் பேர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அபாயா உடுத்த மகளைக் கொழும்புக்கு அனுப்பச் சில உம்மாமார் பயந்தார்கள். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல, இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஆனால் அதைச் சாட்டாக வைத்து 'இந்த முறை ஆண்பிள்ளைகள் மட்டும்' என்று முடிவெடுப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம். வகுப்பில் நூதனசாலையைப் பற்றிக் கூடுதலாகக் கேள்வி கேட்பது பெண்பிள்ளைகள்தான். கூடப் போகப் போதிய ஆசிரியைகளும் இரண்டு மூன்று உம்மாமாரும் இருந்தால் இது நடக்கும். காசு இல்லாத பிள்ளைக்குப் பள்ளிவாசல் நிர்வாகமோ பழைய மாணவர்களோ ஒரு சீட்டைப் பொறுப்பெடுக்கலாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பஸ் கட்டணம் பேசுவதற்கு முன் போகும் இடங்களின் பட்டியலைக் கேளுங்கள். நூதனசாலை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.