பெருங்காமநல்லூரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

குற்றம் நடப்பதற்கு முன்பே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுமாம். இந்த வாரமும் ஒரு நிபுணர் மேடையேறிச் சொல்லிவிட்டார். அரங்கத்தில் கைதட்டல் வேறு. ஒருவர் குடியிருக்கும் தெரு, கூட்டாளிகள், பழைய வழக்குகள் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு கூட்டிக் கழித்துப் பார்த்து, ‘இவன் நாளைக்குத் திருடுவான்’ என்று சொல்லுமாம். போலீஸார் இன்றைக்கே போய்க் கதவைத் தட்டலாமாம்.

நிபுணர் ஐயா, இதை எங்கள் உசிலம்பட்டிச் சீமையில் நூறு வருஷத்துக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. கொஞ்சம் மையும் ஒரு ரிஜிஸ்டரும் போதுமானதாக இருந்தன.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே பிறந்து, 1911இல் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளர் வீட்டுப் பையன் என்ன தப்பு செய்தான் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பிறந்தான் அல்லவா, அது போதும். ரேகை வை. ராத்திரியில் ஸ்டேஷனில் வந்து படு. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கு. நேற்றுத் தாலி கட்டிய மாப்பிள்ளை என்றாலும் இதே கதிதான். ஊர் ஜனங்கள் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றே சொன்னார்கள். விரல் ரேகை அன்றைக்கு உலகத்தின் அதிநவீன விஞ்ஞானம். ரேகைகளுக்கென்று ஓர் அலுவலகம் 1897லேயே கல்கத்தாவில் திறந்தாகிவிட்டது. வகைப்படுத்தும் கணக்கைப் போட்டுத் தந்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் எட்வர்ட் ஹென்றி துரை. விஞ்ஞானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை யார் கையில் கொடுத்து, யார் விரலைப் பிடிக்கச் சொன்னார்கள் என்பதுதான் சங்கதி.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர், ரேகை வைக்க மாட்டோம் என்றது. துப்பாக்கி பேசியது. 16 உயிர்கள் போயின. காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காளும் அதில் ஒருவர். இந்த மக்களுக்காக வழக்காடியவர் செங்கன்னூரிலிருந்து மதுரைக்கு வந்த மலையாளக் கிறிஸ்தவர், ஜார்ஜ் ஜோசப். ‘ரோசாப்பூ துரை’ என்றால் இன்றைக்கும் இங்கே தெரியும். சட்டம் மதராஸ் மாகாணத்தில் ஒழிந்தது 1947இல்தான்.

நிபுணர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒவ்வொரு அறமாம், இயந்திரத்துக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்று புரியவில்லையாம். ஓட்டுநர் இல்லாத கார் யாரை மோதலாம், யாரைக் காப்பாற்றலாம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் உலகம் முழுக்கக் கேட்டு, சுமார் 4 கோடி பதில்களை வைத்து 2018இல் ஆய்வு வெளியிட்டது. கிழக்கத்தி நாட்டுக்காரர்கள் கிழவர்களைக் கொஞ்சம் கூடுதலாகக் காப்பாற்றினார்கள். சந்தோஷம். ஆனால் பிறப்பை வைத்து ஒருவனைக் குற்றவாளி ஆக்கலாமா என்ற கேள்விக்கு எந்தப் பண்பாட்டில் ஐயா ‘ஆக்கலாம்’ என்று பதில் வரும்? அதுவும் மாட்டிக்கொண்டவனிடம் கேட்டால்? ஒருவரின் விவரக்குறிப்பை மட்டும் வைத்துக் குற்றவாளி என்று கணிக்கக் கூடாது என ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டு, அது அமலுக்கு வந்தது 2025 பிப்ரவரியில். பெருங்காமநல்லூர் சொல்லி 105 வருஷம் ஆகப்போகும் நேரம். அர்ஜென்டினாவோ குற்றத்தை முன்கூட்டியே கணிப்பதற்கென்று 2024இல் தனிப் பிரிவு தொடங்கியிருக்கிறது.

நம் ஊரில்? தமிழகப் போலீஸாரிடம் 2021 முதல் முகமறியும் மென்பொருள் இருக்கிறது. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்துவிட்டான். கைதானவரின் ரேகை, கருவிழி, கையெழுத்து வரை எடுத்து 75 ஆண்டுகள் வைத்திருக்க 2022ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. அது எந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது தெரியுமா? 1920ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு. ஆமாம், அதே 1920.

இயந்திரம் நடுநிலையானது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பழைய கேஸ் கட்டைப் படித்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. எந்தத் தெருவில் போலீஸ் ஜீப் தினமும் நின்றதோ அந்தத் தெருவில்தான் கேஸ் அதிகம். எங்கள் உதவி ஆசிரியர் ஒரு செயலியிடம் உசிலம்பட்டியைப் பற்றிக் கேட்டார். பெண் சிசுக்கொலையில்தான் ஆரம்பித்தது. நடந்தது, வெட்கக்கேடு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1986இல் ‘இந்தியா டுடே’ அட்டையில் வந்த சேதி, அந்த ஊரில் இப்போது கல்லூரிக்குப் போகும் பெண்ணின் முகவரியில் எதற்காக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்? நாளைக்கு வங்கிக் கடனையும் வேலையையும் இதே மென்பொருள்தான் தீர்மானிக்கப்போகிறது.

கணக்குப் போடத்தான் ஆசை என்றால் வைகை அணைக்கு வாருங்கள். அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 67 அடி நின்றால்தான் எங்கள் பக்கத்து 58 கிராமக் கால்வாய்க்குத் தண்ணீர். எந்த நாளில் எவ்வளவு திறந்தால் எந்தக் கண்மாய் நிறையும் என்று உங்கள் செயற்கை நுண்ணறிவைச் சொல்லச் சொல்லுங்கள். உசிலம்பட்டியே மாலை போடும். முகத்தைப் பார்க்கிற கேமராவுக்குக் கிடைக்கிற காசு, மடையைப் பார்க்கிற கருவிக்குக் கிடைக்காதா?

தமிழக அரசு பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு கொள்கையை 2020இல் வெளியிட்டது. பெருங்காமநல்லூரின் நூறாவது ஆண்டில். நல்லது. ஆனால் கொள்கையைக் காட்டி ஏட்டையாவிடம் வாதாட முடியாது. சாதி, ஊர், குடும்பம் இவற்றை வைத்து எந்த இயந்திரமும் யாரையும் குற்றவாளி என்று கணிக்கக் கூடாது, கணித்தால் தண்டனை என்று சட்டம் வேண்டும். அடுத்த கூட்டத்தொடரில் உசிலம்பட்டி எம்.எல்.ஏ. எழுந்து இதைக் கேட்கட்டும். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.